விலை சொல்லாத சனிக்கிழமைகள்

1

எனக்குப் பேரம் பேசாமல் கத்தரிக்காய் வாங்கத் தெரியாது. இதைப் பெருமைக்கும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. சிலருக்குச் சீனி போடாமல் தேத்தண்ணி இறங்காது, அந்த மாதிரி ஒரு பழக்கம். விலை கேட்பேன். சொன்ன விலைக்கு நெஞ்சில் கை வைப்பேன். வேண்டாம் என்று அங்கால் கொஞ்சம் நடப்பேன். பின்னால் இருந்து கூப்பிடுவார்கள், திரும்பி வருவேன். இவ்வளவும் நடந்தால்தான் வாங்கிய காய் வாய்க்கு ருசிக்கும்.

அப்படிப்பட்ட நான் இந்தக் கோடையில் சில மாதங்கள் வாயைத் திறக்காமல் மரக்கறி வாங்கினேன். சுவிசுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. குளிரைப் பார்த்தாயிற்று, மொழி தெரியாமல் முழித்தாயிற்று, ஆஸ்பத்திரிச் சலவை அறையில் துணி தூக்கித் தூக்கித் தோள்மூட்டும் போயிற்று. ஆனாலும் என்னை வாட்டி எடுத்தது அந்தச் சில மாதங்கள்தான் என்றால் என்னவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருக்கு எந்தக் காலத்திலும் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கத் தெரியாது, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற மனிசன்.

எல்லாம் போன மாதம் அம்மாவின் திதியோடு ஒரு முடிவுக்கு வந்தது. ஆகவே அம்மாவிடம் இருந்தே தொடங்குகிறேன்.

2

எங்கள் வீட்டுக்குள் யார் பையோடு வந்தாலும் அம்மாவின் முதல் கேள்வி, "என்ன விலைக்கு வாங்கினது?" என்பதுதான். வந்தவர் இருந்து மூச்சு விடுவதற்குள் கேட்டுவிடுவார். ஒருமுறை காய்ச்சலில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தோடம்பழத்தோடு பார்க்க வந்த சித்தப்பாவிடமும் கேட்டார். சித்தப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சுன்னாகம் சந்தையில் கதிராசி என்று ஒரு மரக்கறிக்காரி இருந்தாள். அம்மாவும் அவளும் கிழமைக்கு ஒருமுறை சண்டை பிடிப்பார்கள். "உன்னட்டை இனி வந்தால் என்னைக் கேள்" என்று அம்மா சொல்வார். "வராதேங்கோ, ஆர் வெத்திலை வைச்சு அழைச்சது?" என்று அவள் சொல்வாள். அடுத்த கிழமை அம்மா மற்றக் கடைகளைத் திரும்பியும் பாராமல் நேராக அவளிடம்தான் போவார். அம்மாவுக்கு எந்த மாதிரிக் கத்தரிக்காய் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய மகளுக்கு எந்த மாதத்தில் பிள்ளை கிடைக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கு அந்த வயதில் அது சண்டை என்றுதான் தோன்றியது.

3

இந்த நாட்டில் முதலில் எங்களைப் போட்டது ஃப்ரிபூர்க்கில். பிரெஞ்சும் ஜேர்மனும் கதைக்கிற ஊர், எங்களுக்கு இரண்டும் தெரியாது. அகதி முகாமை விட்டு வெளியே வந்து, இவருக்கு ஒரு உணவகத்தில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்து, முதல் சம்பளமும் வந்தது. நான் பெரிய கடைக்குப் போய் ஒரு பூக்கோவா, காலிஃப்ளவர் என்பார்களே, அதை எடுத்தேன். விலை ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்தால் என்ன, ஒட்டினது ஒரு மனிசர்தானே என்று நினைத்தேன்.

காசு வாங்கும் பெண்ணிடம் பூக்கோவாவைக் காட்டி, தலையை ஆட்டி, விரலால் இரண்டு குறைக்கச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், இயந்திரத்தைப் பார்த்தாள். நான் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். பின்னால் வரிசையில் நின்ற தொப்பி போட்ட ஒரு கிழவர் முன்னுக்கு வந்து, இரண்டு பிராங் நாணயக் குற்றியை மேசையில் வைத்து, என் தோளில் மெல்லத் தட்டினார்.

என் கைப்பைக்குள் இவருடைய முழுச் சம்பளமும் இருந்தது. அதை அந்த மனிசனுக்கு எந்த மொழியில் சொல்வேன்? "மெர்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூக்கோவாவோடு வெளியே வந்து, பஸ் தரிப்பிடத்தில் அழுதேன். காசு வைத்திருந்த நாளில் என்னை இல்லாதவள் என்று நினைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு விலை ஒட்டிய இடங்களில் வாயைப் பூட்டிக்கொண்டேன்.

4

அந்தப் பூட்டைத் திறந்தவள் செல்வி. நாங்கள் பேர்ணுக்கு வந்து பூம்ப்ளிஸில் வீடு எடுத்துப் பல வருடங்களுக்குப் பிறகு அவள் சனிக்கிழமைச் சந்தைக்கு வந்தாள். விவசாயிகள் தாங்கள் விளைவித்ததைத் தாங்களே விற்கும் சந்தை அது. செல்வி மட்டக்களப்புக்காரி. கணவனும் அவளுமாக ஊருக்கு வெளியே ஒரு சுவிஸ்காரரின் பிளாஸ்ரிக் கூடாரங்களை வாடகைக்கு எடுத்து வெண்டி, பாவல், பயித்தங்காய், பச்சை மிளகாய், முளைக்கீரை எல்லாம் போடுகிறார்கள். உருளைக்கிழங்கும் கரட்டும் கிடக்கும் வரிசையில் ஒருநாள் திடீரென்று பயித்தங்காய்க் கட்டைக் கண்டபோது, நான் கோயிலில் நிற்பது போல நின்றுவிட்டேன்.

"வெண்டிக்காய் என்ன விலை, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"கிலோ பத்து பிராங், அக்கா."

"பத்தோ? நான் வெண்டிக்காயைக் கேட்டனான், உன்ரை கடையைக் கேக்கேல்லை."

அவள் இடுப்பில் கை வைத்தாள். "அக்கா, இந்தக் குளிருக்க வெண்டி காய்க்க வைக்கிறது என்ன பாடு தெரியுமா? ஹீட்டர் போட்டு வளத்தது. என்ட பிள்ளைக்கும் நான் இப்பிடிப் பாத்தது இல்ல."

"அப்ப அதைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பு. எட்டுக்குத் தா."

"ஒம்பதர. மறுகா கதைக்கப்படாது."

மறுகா என்றால் அவர்கள் பேச்சில் பிறகு என்று பொருள். பிறகும் கதைத்தோம். அன்று தொடங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் கதைத்தோம். ஒருமுறை எனக்குப் பின்னால் நின்ற சுவிஸ்காரர் ஒருவர், நாங்கள் உண்மையாகவே சண்டை பிடிக்கிறோம் என்று பயந்து, யாரையாவது கூப்பிடவா என்று செல்வியிடம் ஜேர்மனில் கேட்டார். செல்வி, "இல்லை, இவ என்ட அக்கா" என்று அவருக்கு விளங்கப்படுத்தினாள். அவருக்கு இன்னும் குழம்பியது.

என் மகள் ஆரணிக்கு இதெல்லாம் பெரிய மானக்கேடு. சின்ன வயதில் என்னோடு வந்தால், நான் விலை கேட்கத் தொடங்கியதும் மெல்ல நழுவிச் சீஸ் கடைக்கு முன்னால் போய் நிற்பாள். என்னைத் தெரியாதவள் போலச் சீஸைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சீஸ்காரர் அவளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கொடுத்துக் கொடுத்து, இன்றைக்கு அவளுக்குச் சோறு இல்லாமல் இருக்கலாம், சீஸ் இல்லாமல் இருக்க முடியாது. இப்போது ஓர்லிகோனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. ரெலிபோனில் என்னோடு பாதி தமிழ், பாதி சுவிஸ் ஜேர்மன். கோபம் வந்தால் முழுக்கச் சுவிஸ் ஜேர்மன். "அம்மா, இஞ்சை ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறேல்லை" என்பது மட்டும் சுத்தத் தமிழில் வரும்.

5

போன வருடம் இவருக்கு வேலை முடிந்து பென்சன் வந்தது. வந்தது என்று சொல்வதை விட எட்டிப் பார்த்தது என்று சொல்லலாம். பிந்தி வந்து, குறைந்த சம்பளத்துக்கு உழைத்தவர்களுக்கு அப்படித்தான். என் தோளும் வேலைக்கு உதவாது. பென்சன் போதாதவர்களுக்கு அரசாங்கம் கொஞ்சம் நிரப்பித் தரும், அதற்கு விண்ணப்பித்தோம். கூடவே நகரசபையில் இருந்து இன்னொரு கடிதம் வந்தது. வசதி குறைந்தவர்களும் புதிய மரக்கறி சாப்பிட வேண்டுமாம், அதற்காக விவசாயிகள் சந்தையில் மாற்றக்கூடிய குட்ஷைன் தருவார்களாம். குட்ஷைன் என்றால் காசுக்குப் பதிலாகக் கொடுக்கும் சீட்டு.

ஆரணி வந்து படிவத்தை நிரப்பினாள். கிழமைக்கு எத்தனை தரம் மரக்கறி சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கேள்வி.

"ஒரு நாளைக்கு மூண்டு தரம் எண்டு போடு" என்றார் இவர்.

"அப்பா, அப்பிடி ஒரு பெட்டி இல்லை. ஒரு நாளைக்கு ஒருக்கா எண்டதுதான் ஆகக் கூட."

"அப்ப காலமைச் சம்பலை எங்கை போடுறது?"

அவள் ஒரு பெட்டிக்குள் புள்ளடி போட்டாள். நான் கையெழுத்து வைக்கத் தயங்குவதைக் கண்டு, "அம்மா, இது உங்கடை உரிமை. முப்பது வருசம் வரி கட்டினீங்கள்" என்றாள். வரி கட்டியதெல்லாம் சரி. சனிக்கிழமைச் சந்தையில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அந்தச் சீட்டை நீட்டுகிறபோது யாராவது கண்டால், அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சுண்டலோடு சேர்த்து என் கதையும் பரிமாறுவார்கள்.

சீட்டுகள் வந்தன. பச்சை நிறம், மூலையில் ஒரு கரட் படம். அதே கரட் படம் ஒட்டிய கடைகளில் கொடுக்கலாம், மிச்சக்காசு தரமாட்டார்கள். முதல் சீட்டை உருளைக்கிழங்கு விற்கும் சுவிஸ் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவள் விலையைச் சொன்னாள், சீட்டை வாங்கினாள், மற்றத் தாள்களோடு ஏப்ரன் பைக்குள் செருகினாள், நல்ல வார இறுதி என்று வாழ்த்தினாள். அவ்வளவுதான். அவளுக்கு அது காசு. எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அந்தத் துணிவில் செல்வியிடம் போனேன். அவள் கடையிலும் கரட் படம் ஒட்டியிருந்தது. வழக்கம் போலக் கத்தரிக்காய்க்கு ஒரு பாடு கதைத்து, அவளை ஒரு பிராங் இறக்கி, வெற்றியோடு கைப்பையைத் திறந்து பச்சைச் சீட்டை நீட்டினேன்.

செல்வியின் முகம் மாறியது. என் கையை, சீட்டோடு சேர்த்து, திரும்பக் கைப்பைக்குள் தள்ளினாள்.

"இத உள்ள வைங்க அக்கா. உங்களிட்டயா நான் இத வாங்கிறது?"

"உதென்ன கதை? எல்லாரிட்டையும் வாங்கிறாய்தானே."

"எல்லாரும் நீங்களா?" என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்காய்க்கு மேல் வெண்டிக்காயைப் போட்டாள், அதற்கு மேல் மிளகாயைப் போட்டாள். கண் கலங்கியிருந்தது. அவளுடைய அன்பில் ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. சீட்டைத் தராசுக்குக் கீழே வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ட்ராம் பிடிக்கப் போனேன்.

6

அடுத்த சனிக்கிழமை அவள் சீட்டை வாங்கினாள், என் மனம் நோகக் கூடாது என்றுதான் வாங்கினாள். ஆனால் விலை சொல்லவில்லை. "பாவற்காய் என்ன விலை?" என்று கேட்டேன். "உங்களுக்கு என்னக்கா விலை, எடுங்க" என்றாள். சீட்டின் பெறுமதியைப் போல இரண்டு மடங்கைப் பையில் நிரப்பினாள். நெஞ்சில் கை வைப்பதற்கு ஒரு விலை வேண்டுமே. அங்கால் நடப்பதற்கு ஒரு கோபம் வேண்டுமே. ஒன்றும் இல்லாமல் பையை வாங்கிக்கொண்டு நின்றேன். என் முறை முடிந்ததும் பின்னால் நின்றவளிடம் வெண்டிக்காய் பதினொரு பிராங் என்று அவள் கணீரென்று சொல்வது கேட்டது. எனக்கு அந்தப் பெண்ணில் பொறாமையாக இருந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது கிழமையோடு அந்தப் பக்கம் போவதை விட்டேன். சந்தையின் மற்ற வாசலால் உள்ளே போய், உருளைக்கிழங்கு அம்மாவிடம் சீட்டைக் கொடுத்து உருளைக்கிழங்கும், வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு அதே வாசலால் வெளியே வந்தேன். வீட்டில் லீக்ஸ் வறை, லீக்ஸ் பால்கறி, சொதிக்குள்ளும் லீக்ஸ். இவர் பல நாள் பொறுத்துப் பார்த்தார்.

"என்னப்பா, இண்டைக்கும் லீக்ஸோ? அந்தப் பிள்ளையோடை கோபமோ உமக்கு?"

"கோபமெண்டால்தான் பரவாயில்லையே" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் செல்வியிடம் இழந்தது கத்தரிக்காயை இல்லை. இந்த ஊரில் என்னோடு சரிக்குச் சரி நின்று வாய் கொடுக்க ஒருத்தி இருந்தாள். சீட்டைக் கண்ட அன்றே அவள் குரலைத் தணித்துவிட்டாள்.

அந்த நாட்களில்தான் கதிராசி நினைவுக்கு வந்தாள். அப்பா செத்து, அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, அம்மா முதல்முறை சந்தைக்குப் போய் வந்த நாள். அப்பாவின் பிரேதம் போனபோது கூட அம்மா நிமிர்ந்து நின்றவர். அன்று பையைக் குசினி நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே இருந்தார். பை நிறைய மரக்கறி. நான் வழக்கமாக அவர் கேட்கும் கேள்வியை, ஒரு பகிடிக்கு, அவரிடமே கேட்டேன்.

"என்ன விலைக்கு வாங்கினீங்கள், அம்மா?"

"அவள் விலை சொல்லேல்லையடி பிள்ளை" என்று அம்மா அழத் தொடங்கினார். "என்ரை முகத்தைப் பாத்திட்டு, கொண்டு போங்கோ எண்டிட்டாள். கதிராசியும் என்னை அறுதலியாக்கிப் போட்டாள்."

கொஞ்சக் காலம் கழித்து அவள் அம்மாவின் பைக்குள் புழு அரித்த ஒரு சூத்தைக் கத்தரிக்காயைப் போட்டுவிட்டாள். அம்மா அதைக் கையில் பிடித்தபடி சுன்னாகத்துக்குத் திரும்பிப் போய், சந்தை முழுக்கக் கேட்கச் சண்டை பிடித்துவிட்டு, நன்றாகப் பசித்து வீட்டுக்கு வந்தார். கதிராசி தெரிந்துதான் அதைப் போட்டாளோ என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை.

7

அம்மாவின் திதிக்கு லீக்ஸ் வைக்க முடியாது. வெங்காயமும் உள்ளியும் அவற்றின் சொந்தக்காரரும் படையலுக்கு ஆகாது. அம்மாவுக்குப் பயித்தங்காய்ப் பால்கறியும் பாவற்காய்க் குழம்பும் வேண்டும். திதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓர்லிகோனில் இருந்து ஆரணி வெள்ளி இரவே வந்திருந்தாள். "நானும் சந்தைக்கு வாறன்" என்றாள். வராதே என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

கடை விரிக்கும் நேரத்துக்கே போனோம். ஆரணி பழக்கத்தில் சீஸ் கடைப் பக்கம் ஒதுங்கினாள். செல்வி என்னைக் கண்டு கையில் இருந்த பெட்டியை வைத்துவிட்டு வந்தாள்.

"எங்கக்கா போனீங்க? வருத்தமா? நான் ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியாம இருந்தன்."

"நாளைக்கு அம்மான்ரை திதி. பயித்தங்காய் என்ன விலை?"

"அம்மாட திதியா? எடுங்க அக்கா, எடுங்க. எவ்வளவு வேணும்?" அவள் கட்டோடு அள்ளத் தொடங்கினாள்.

"விலை கேட்டனான், செல்வி."

"அதென்னத்துக்கு உங்களுக்கு?"

"அங்கை உருளைக்கிழங்கு விக்கிற மனிசிக்கு என்ரை பேரும் தெரியாது. அவள் எனக்கு விலை சொல்லுறாள். நீ சொல்லுறாயில்லை. அவளுக்கு நான் மரக்கறி வாங்க வாற ஆள். உனக்கு நான் ஆர்?"

செல்வி கையில் அள்ளிய பயித்தங்காயோடு நின்றாள். சத்தம் மிகத் தணிந்து வந்தது.

"அக்கா, நாங்க ஊர்ல முகாமில இருந்த நாங்க. அம்மா கூப்பன் காட்ட நீட்டிக்கொண்டு நிவாரணத்துக்கு வரிசையில நிப்பா. நான் பக்கத்தில நிப்பன். குடுக்கிறவன் எங்கட முகத்தப் பாக்கமாட்டான். நீங்க அந்தப் பச்சைச் சீட்ட நீட்டக்குள்ள எனக்கு என்ட அம்மாட கைதான் தெரிஞ்ச. மறுகா எப்படி அக்கா உங்களிட்ட விலை சொல்ற? எனக்கு வாய் வரல்ல."

எனக்கு இது தெரியாது. இத்தனை வருடம் வெண்டிக்காய்க்குச் சண்டை பிடித்திருக்கிறோம், அவளுடைய அம்மாவைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் கோபமெல்லாம் வடிந்து, அவளை இழுத்து அணைக்க வேண்டும் போல இருந்தது. அணைத்தால் இன்றைக்கும் விலை சொல்லமாட்டாள். ஆகவே அணைக்கவில்லை.

"செல்வி, நிவாரணத்திலை உன்ரை அம்மா பருப்பைக் கிண்டிப் பாத்து, இது வேண்டாம், அந்தச் சாக்கிலை தா எண்டு கேட்டவவோ?"

"ஐயோ, எப்பிடிக் கேக்கிற?"

"முத்தல் எண்டு திருப்பிக் குடுத்தவவோ?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நான் திருப்பிக் குடுப்பன். உன்ரை இந்தக் கட்டிலை பாதி முத்தல். என்ரை அம்மாவுக்கு இதை வைக்கேலாது. இப்ப சொல்லு, என்ன விலை?"

செல்வி என்னைப் பார்த்தாள். பயித்தங்காயைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"பதினாலு பிராங்."

"எவ்வளவு?"

"பதினாலு. முத்தல் எண்டு சொன்னீங்கதானே, அதுக்குப் பிறகு ஒரு சதம் குறைக்க ஏலா."

நான் நெஞ்சில் கை வைத்தேன். அந்தக் கை எத்தனை காலம் சும்மா கிடந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "பதினாலு பிராங்குக்கு நான் மட்டக்களப்புக்கே போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவன். பத்துக்குத் தா."

"போங்க. டிக்கட் விலை கேட்டுட்டுப் போங்க."

"பதினொண்டு."

"இந்தச் சந்தையில வேற ஆரிட்டயும் பயித்தங்காய் இல்ல. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

நான் வேண்டாம் என்று திரும்பி நடந்தேன். கூப்பிடுவாள் என்று நடந்தேன். அவள் கூப்பிடவில்லை. பின்னால் வந்து நின்ற ஒரு சுவிஸ் பெண்ணிடம், அடுத்தது யார் என்று ஜேர்மனில் கேட்டாள். எனக்குத் திரும்பி வருவதைத் தவிர வேறு வழி இல்லை. திரும்பி வந்தபோது அவள் என்னைக் கவனிக்காதது போல அந்தப் பெண்ணுக்கு மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தாள். உதட்டின் ஓரம் மட்டும் துடித்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணீரையும் அடக்க முடியவில்லை.

என் முறை வந்தது. "பதின்மூண்டர" என்றாள். "உங்கட அம்மாட திதிக்காக இல்ல. ரெண்டு காய் வளைஞ்சு கிடக்கு, அதுக்காக."

பச்சைச் சீட்டை நீட்டினேன். மிச்சம் தர முடியாது, சட்டம் என்று எனக்கே சட்டம் படிப்பித்தாள். சரி என்று மிச்சத்துக்குப் பாவற்காயும் மிளகாயும் எடுத்தேன். ஒவ்வொரு மிளகாயாகப் பார்த்து எடுத்தேன். "அக்கா, நசுக்காதீங்க, மற்ற ஆக்களும் வாங்க வேணும்" என்று கத்தினாள். சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, கள்ளத் தாளோ என்று பார்ப்பது போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எல்லாருடைய காசும் கிடக்கும் பெட்டிக்குள் போட்டாள். போட்ட பிறகு என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டாள்.

திரும்பிப் பார்த்தால் எனக்குப் பக்கத்தில் ஆரணி நின்றாள். எப்போது சீஸ் கடையை விட்டு வந்தாள் என்று தெரியவில்லை.

ட்ராமில் ஏறி இருந்த பிறகு சொன்னாள். "அம்மா, ஓர்லிகோனிலை தமிழ்க்கடையிலை பயித்தங்காய் இதை விட மலிவு."

"ஓம் பிள்ளை, தெரியும்."

"அப்ப அவ உங்களை ஏமாத்திப் போட்டா."

"ஓம்" என்றேன். பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்தபடி, யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆரணி என் தோளில் சாய்ந்துகொண்டாள், நோகிற தோள் என்பதை மறந்துவிட்டாள். நானும் சொல்லவில்லை.

மறுநாள் கடைக் குளிர்ப்பெட்டியில் இருந்து வாங்கிய வாழையிலையை விரித்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் படைத்தோம். பயித்தங்காய்ப் பால்கறி நன்றாக வந்திருந்தது, முத்தல் ஒன்றுகூட இல்லை. இவர் கற்பூரம் கொளுத்தினார். நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கையில், அம்மா இப்போது என்ன கேட்பார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கேட்பதற்கு முதல் நானே சொல்லிவிட்டேன்.

"பயித்தங்காய் கிலோ பதின்மூண்டரை பிராங், அம்மா."

இவர் திடுக்கிட்டுத் திரும்பினார். படத்தில் அம்மா அதே முகத்தோடு இருந்தார். அந்த விலையைக் கேட்டு, படைத்த சோற்றைத் தள்ளிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருப்பார் என்று நினைத்தேன்.

அப்போது எனக்குப் பின்னால் இருந்து ஆரணி, கைகூப்பியபடி, அவசரமாகச் சொன்னாள்.

"பதினாலு சொன்னவ, அம்மம்மா. அம்மாதான் குறைச்சு வாங்கினவ."